நிலத்தின் விலைக்குக் கையெழுத்திடும் வேலை: குமரி மாவட்டத்தில் பதிவு பெற்ற சொத்து மதிப்பீட்டாளர் ஆவது எப்படி?

சிவில் முடித்த பிள்ளைகள் என் அலுவலகப் படியேறி வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், வேல்யூயர் லைசென்ஸ் எடுக்க என்ன செய்யணும்?" அதற்கான வழியைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். எடுத்த பிறகு, தோவாளையில் ஒரு வயல் வரப்பிலோ விளவங்கோட்டில் ஒரு ரப்பர் விளையிலோ (விளை என்பது எங்கள் பக்கம் தோட்ட நிலம்) நின்று "இதன் விலை இவ்வளவு" என்று எழுதிக் கையெழுத்துப் போடும் துணிவு வரத்தான் வருடங்கள் ஆகும். இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். படிப்பு, தேர்வு, பதிவு எல்லாம் முதலில். களத்தில் செய்யும் வேலை அதற்கு அப்புறம்.

யாருக்கு இந்த அறிக்கை தேவைப்படுகிறது?

வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கிக்குத்தான் அதிகம். கடன் வாங்குகிறவர் காட்டும் மண்ணும் வீடும் அந்தக் கடனைத் தாங்குமா என்று வங்கிக்குத் தெரிய வேண்டும். கடன் திரும்பி வராமல் சொத்தை ஏலத்துக்குக் கொண்டுபோகும்போதும் மதிப்பீடு தேவை. வங்கிக் கடன் மீட்புக்கான 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்ட விதிகளின்படி, விற்பதற்கு முன்னால் வங்கி அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பு வாங்கியாக வேண்டும்.

அடுத்தது வருமான வரி. நம் மாவட்டத்தில் வளைகுடாவிலோ வேறு வெளிநாட்டிலோ பிள்ளைகள் இருக்கிற குடும்பம் ஊருக்கு ஊர் உண்டு. அப்பா காலத்து விளையை விற்கும்போது, 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதாக இருந்தால், அந்தத் தேதியில் இருந்த நியாயமான சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம். அந்த மதிப்புக்கு ஓர் அறிக்கை வேண்டும். ஆனால் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தத் தேதிக்கு முத்திரைத் தீர்வைக்கான அரசு மதிப்பு கிடைக்குமானால் அதற்கு மேல் போக முடியாது. "சார், கொஞ்சம் கூட்டிப் போடுங்க, வரி குறையும்" என்று கேட்பவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

பாகப்பிரிவினை, நீதிமன்ற வழக்கு, வெளிநாட்டுப் படிப்புக்கு விசா, சாலைக்காக நிலம் எடுப்பது, நொடித்துப்போன கம்பெனியின் சொத்து என்று பட்டியல் இன்னும் நீளும். நான்குவழிச் சாலைக்காகக் களியக்காவிளை வரை நிலம் எடுத்தபோது இழப்பீட்டுக் கணக்கைப் புரிந்துகொள்ளவே எத்தனையோ பேர் வந்தார்கள். 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், முந்தைய 3 ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியை எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்கிறது. இந்த ஒரு வரியைக்கூட அவர்களுக்கு யாரும் எளிய தமிழில் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு பதிவுகள், இரண்டு சட்டங்கள்

குழப்பம் தொடங்குவது இங்கேதான். "கவர்ன்மென்ட் அப்ரூவ்டு வேல்யூயர்" என்று போர்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே பதிவு வைத்திருப்பவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

பழைய பதிவு 1957-ஆம் ஆண்டின் செல்வ வரிச் சட்டம், பிரிவு 34ஏபி-இன் கீழ் வருமான வரித் துறை கொடுப்பது. செல்வ வரி 2016-17 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து கிடையாது. வரி போன பிறகும் அந்தப் பதிவு உயிரோடு இருக்கிறது. சொத்து விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரிக்கும் சர்பாசி ஏலத்துக்கும் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான்.

புதிய பதிவு 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 247-இன் கீழ் வருவது. அதற்கான விதிகள் 2017 அக்டோபரில் வந்தன. பதிவு கொடுக்கும் அதிகாரம் இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்திடம், அதாவது ஐ.பி.பி.ஐ.யிடம் இருக்கிறது. இதில் மூன்று பிரிவுகள் உண்டு: நிலமும் கட்டடமும், ஆலையும் இயந்திரமும், பங்குகளும் நிதிச் சொத்துகளும். நமக்கு வேண்டியது முதல் பிரிவு. கம்பெனிகள் சட்டத்துக்கும் திவால் சட்டத்துக்கும் 2019 பிப்ரவரி 1 முதல் இந்தப் பதிவு உள்ளவர்கள்தான் மதிப்பிட முடியும்.

இன்று புதிதாக வருகிறவர்கள் ஐ.பி.பி.ஐ. பதிவிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் எண்ணம். வழி தெளிவாக இருக்கிறது, தேர்வு உண்டு, ஆளைப் பிடித்துச் சிபாரிசு தேட வேண்டாம். அனுபவம் கூடிய பிறகு 34ஏபி-க்கும் விண்ணப்பிக்கலாம்.

34ஏபி பற்றி நம் மாவட்டத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அதில் 'அசையாச் சொத்து' என்ற வகைக்குள் விவசாய நிலம் வராது. ரப்பர், தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களும் வராது. காடும் குவாரியும் வராது. அவற்றுக்குத் தனித்தனி வகைப் பதிவு. வீட்டுக்கும் மனைக்கும் பதிவு வைத்துக்கொண்டு குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வருமான வரி அறிக்கை எழுதினால் அது செல்லாது.

படி 1: படிப்பும் அனுபவமும்

நிலமும் கட்டடமும் பிரிவுக்குச் சிவில் இன்ஜினியரிங், கட்டடக்கலை, நகரமைப்பு ஆகியவற்றில் ஒன்றில் இளநிலைப் பட்டம் வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு அந்தத் துறையில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். முதுநிலைப் பட்டம் இருந்தால் 3 ஆண்டு போதும். மதிப்பீட்டிலேயே முதுநிலை படிப்பவர்களும் உண்டு. குஜராத்தில் வல்லப் வித்யாநகரில் உள்ள சர்தார் படேல் பல்கலைக்கழகம் இந்தப் படிப்புக்குப் பேர்பெற்றது.

அனுபவம் என்றால் மதிப்பீட்டு அலுவலகத்தில்தான் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். விதி கேட்பது நீங்கள் படித்த துறையின் அனுபவத்தை. கட்டட வேலையில் சைட் இன்ஜினியராக இருந்த வருடங்களும் கணக்கில் வரும். வேலை பார்த்த இடத்தில் தேதியோடு சான்றிதழ் வாங்கி வையுங்கள். ஐந்து வருடம் கழித்துப் பழைய கான்ட்ராக்டரைத் தேடிப் போனால் அவர் தொழிலையே விட்டிருப்பார்.

கோணம் அரசு பாலிடெக்னிக் மாதிரி இடங்களில் டிப்ளமோ முடித்தவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். டிப்ளமோவை மட்டும் வைத்து இந்தப் பதிவு கிடைக்காது. நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. முடிக்க வேண்டும், 5 ஆண்டு அனுபவம் அதற்குப் பிறகுதான் எண்ணத் தொடங்கும். வருத்தமான செய்திதான். ஆனால் அதுவரை ஒரு மதிப்பீட்டாளரிடம் உதவியாளராக அளவெடுத்துப் பழகியவர்கள், பதிவு வாங்கும் நாளில் மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னால் நிற்பார்கள். என்னிடம் அளவு எடுக்க வந்த ஒரு டிப்ளமோ பையனின் கண் பட்டதாரிகளின் கண்ணைவிடக் கூர்மை.

இவை தவிர, இந்தியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். திவாலானவராக அறிவிக்கப்பட்டிருக்கக் கூடாது. குற்ற வழக்கில் தண்டனை பற்றிய நிபந்தனைகளும் உண்டு.

படி 2: அமைப்பில் சேர்ந்து 50 மணி நேர வகுப்பு

ஐ.பி.பி.ஐ.க்கு நேராக விண்ணப்பிக்க முடியாது. அது அங்கீகரித்த ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பில், ஆர்.வி.ஓ. என்பார்கள், முதலில் உறுப்பினராக வேண்டும். 1968-இல் தொடங்கிய இன்ஸ்டிடியூஷன் ஆஃப் வேல்யூயர்ஸின் கீழ் ஒன்று இருக்கிறது. வேறு பல அமைப்புகளும் உண்டு. எந்தெந்த அமைப்பு எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் வைத்திருக்கிறது என்ற பட்டியல் வாரியத்தின் இணையதளத்தில் கிடைக்கும். சேர்க்கைக் கட்டணம், ஆண்டுக் கட்டணம் ஆகியவை அமைப்புக்கு அமைப்பு மாறும். கட்டணத்தைவிட, வகுப்பு எடுப்பவர்கள் யார், தொடர் பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா என்று பழைய மாணவர்களிடம் விசாரித்துச் சேருங்கள்.

சேர்ந்ததும் 50 மணி நேர வகுப்பு. பொருளாதாரம், நிதிக் கணக்கு, ஒப்பந்தச் சட்டம், சொத்து மாற்றுச் சட்டம், நிலம் எடுப்புச் சட்டம், சுற்றுச்சூழல், தொழில் நெறி, மதிப்பீட்டு முறைகள் எல்லாம் வரும். பொறியியல் படித்தவர்களுக்குக் கட்டடம் எளிது. சட்டமும் நிதியும்தான் இடிக்கும். வகுப்பில் அந்த இரண்டிலும் தூங்கிவிடாதீர்கள்.

படி 3: தேர்வு

கணினியில் எழுதும் தேர்வு. நேரம் 2 மணி, கேள்விகள் 90, மொத்தம் 100 மதிப்பெண். 60 எடுத்தால் தேர்ச்சி. தவறான பதிலுக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு குறையும். அதனால் குருட்டாம்போக்கில் டிக் அடிக்கக் கூடாது.

தயாராவதற்கு நான் சொல்லும் முறை இது. இன்றைய மதிப்புக் கணக்கு, அதாவது பத்து வருடம் கழித்து வரும் ஒரு ரூபாய் இன்று எத்தனை பைசா என்கிற கணக்கு, கண்ணை மூடினாலும் கை போட வேண்டும். வாடகை முறைக் கேள்விகள், குத்தகைக் கேள்விகள், எஞ்சிய ஆயுள் கேள்விகள் எல்லாம் அதில்தான் நிற்கின்றன. தினம் ஐந்து கணக்கு, இரண்டு மாதம். சட்டத்துக்குப் பிரிவு எண்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒற்றிக்கும் கிரயத்துக்கும் குத்தகைக்கும் உரிமத்துக்கும் என்ன வித்தியாசம் என்று சொந்த வார்த்தையில் சொல்லிப் பாருங்கள்.

தேர்ச்சி பெற்றது 3 ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்குள் பதிவுக்கு விண்ணப்பிக்காவிட்டால் மறுபடியும் எழுத வேண்டும். அனுபவம் முடிய நான்கு வருடம் பாக்கி இருக்கும்போது அவசரப்பட்டுத் தேர்வு எழுதுவதில் பயனில்லை.

படி 4: பதிவு

உங்கள் ஆர்.வி.ஓ. பரிந்துரைக்க வேண்டும். படிவம் ஏ-வில், 5,000 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம் போகும். பட்டச் சான்று, அனுபவச் சான்று, முகவரி, வரிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் அப்பா பெயர் ஒரு சான்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருப்பது சகஜம். விண்ணப்பம் தடுக்கி நிற்பது பெரும்பாலும் அதில்தான். எல்லாம் சரியாக இருந்தால் பதிவுச் சான்றிதழ் வரும்.

படி 5: வங்கிப் பட்டியலில் இடம்

சான்றிதழ் வந்த மறுநாளே வேலை வராது. வங்கிகள் தங்களுக்கென்று மதிப்பீட்டாளர் பட்டியல் வைத்திருக்கின்றன, பேனல் என்பார்கள். 2007 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அனுப்பிய வழிகாட்டுதலின்படி ஒவ்வொரு வங்கியும் இயக்குநர் குழு ஒப்புதலோடு மதிப்பீட்டுக் கொள்கை வைத்திருக்க வேண்டும். 50 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சொத்துக்குக் குறைந்தது இரண்டு தனித்தனி அறிக்கைகள் வாங்கச் சொல்வதும் அதே வழிகாட்டுதல்தான். பேனலில் சேர்க்கும் நிபந்தனை வங்கிக்கு வங்கி மாறும். அனுபவத்தைப் பொறுத்து எத்தனை ரூபாய் வரையிலான சொத்தை நீங்கள் மதிப்பிடலாம் என்ற வரம்பும் இருக்கும். வட்டார அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். அந்த நாட்களில் ஒரு மூத்த மதிப்பீட்டாளரோடு தினமும் களத்துக்குப் போங்கள்.

குமரி மாவட்டத்துக் காகிதங்கள்

வேறு மாவட்டத்தில் பழகியவர்கள் இங்கே வந்தால் திணறுவது இந்த இடத்தில்தான்.

1956 நவம்பர் 1 வரை நாம் முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவர்கள். அதனால் பெரியவர்கள் வீட்டு இரும்புப்பெட்டியில் இருக்கும் மூலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம். 'புரையிடம்' (வீட்டு வளாகம்), 'விளை', 'ஒற்றி' (அடமானம்), 'பாட்டம்' (குத்தகை) என்று அதில் வரும் சொற்களுக்குப் பொருள் தெரியாமல் அந்தச் சொத்தைத் தொடக் கூடாது. மலையாளம் வாசிக்கத் தெரியாவிட்டால், தெரிந்த ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி கேளுங்கள். நாஞ்சில்நாட்டுப் பக்கம் பழைய வயல்களுக்குக் 'கோட்டை விதைப்பாடு', 'மரக்கால் விதைப்பாடு' என்று, விதைக்கும் நெல்லின் அளவை வைத்துப் பரப்பு சொல்லியிருப்பார்கள். அதை நேராகச் சென்டாக மாற்றிப் போடாமல், நில அளவைக் கணக்கோடு ஒப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும் ரீசர்வே (மறு அளவை) எண்ணும் இரண்டும் இருக்கும். பட்டாவில் இருப்பது ரீசர்வே எண்ணும் உட்பிரிவும். இரண்டும் ஒரே மண்ணைத்தான் சொல்கின்றனவா என்று புலப்படத்தை விரித்து வைத்துப் பார்க்க வேண்டும்.

அளவும் அப்படித்தான். பத்திரம் சென்டில் பேசும், பட்டா ஹெக்டேரில் பேசும். ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கான ஓர் ஏர் என்பது 2.47 சென்ட். பட்டாவில் 3.25 ஏர் என்று இருந்தால் அது 8.03 சென்ட். பத்திரம் எட்டேகால் சென்ட் என்கிறது, டேப்பைப் பிடித்தால் 8 சென்ட்தான் வருகிறது என்று வையுங்கள். மூன்றில் எது குறைவோ அதைத்தான் மதிப்புக்கு எடுக்கிறோம், வித்தியாசத்தையும் அறிக்கையில் எழுதுகிறோம்.

அப்புறம் வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், வீட்டு வரி ரசீது. மனைப்பிரிவாக இருந்தால் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் உண்டான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. அதற்குப் பிறகு பிரித்து விற்ற மனை என்றால் கவனம் இருமடங்கு வேண்டும்.

தடைகள் வேறு இருக்கின்றன. மலையோர ஊர்களில் பட்டா நிலமே தனியார் காடு என்று அறிவிக்கப்பட்டிருக்கலாம். 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டப்படி, குழுவின் முன்அனுமதி இல்லாமல் அதை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. பட்டா சுத்தமாக இருக்கும், மரமும் செழித்து நிற்கும், ஆனால் அடமானம் செல்லாது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் கிராமங்களில் கட்டடம் கட்டவும் தனி அனுமதி வேண்டும். கடற்கரை ஊர்களில் கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கடல் தெரிகிற மனைக்கு ஆசைப்பட்டு விலை சொல்வார்கள். அங்கே வீடு கட்டலாமா என்பதைக் கேட்டுவிட்டு விலையைப் பேசுங்கள்.

களத்தில்

இனி நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். இந்த வேலையில் எனக்குப் பெரிய பாடம் அதுதான்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம். கல்குளம் தாலுகாவில் ஒரு வீட்டுமனை. கடன் கேட்டவர் ஊரில் இல்லை, உறவினர் ஒருவர் வந்து இடத்தைக் காட்டினார். தார்ச்சாலையை ஒட்டிய சமநிலம், நல்ல மண், நான்கு பக்கமும் கல் நட்டிருந்தது. அளந்தேன், பரப்பு பத்திரத்தோடு பொருந்தியது. படம் எடுத்தேன், அறிக்கை கொடுத்தேன். ஒரு வாரத்தில் வங்கியின் வழக்கறிஞர் கூப்பிட்டார். பத்திரத்தில் தெற்கு எல்லை ஓடை என்று இருக்கிறது, உங்கள் வரைபடத்தில் ஓடை வடக்கே இருக்கிறதே என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அன்றைக்கே மறுபடியும் போனேன். பக்கத்து வீட்டில் ஓலை முடைந்துகொண்டிருந்த பாட்டியிடம் உடமைக்காரர் பெயரைச் சொல்லிக் கேட்டேன். "மக்கா, அவங்க மண்ணு இது இல்ல. அது ஓடைக்கு அந்தப் பக்கம், வழி கிடையாது" என்றார். ஓடையைத் தாண்டிப் போய்ப் பார்த்தால், இன்னொருவர் விளை வழியாக ஒற்றையடிப் பாதை. சாலையோர மனைக்குப் போட்ட விலையில் பாதிகூட அதற்குப் பெறாது. அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். கடன் கொடுப்பதற்கு முன்பே பிடிபட்டதால் யாருக்கும் நட்டம் இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்து என்னுடையது.

அன்று முதல் மூன்று பழக்கம். பத்திரத்தின் நான்கெல்லையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எல்லையிலும் நின்று, திசைகாட்டியோடு ஒப்பிடுவேன். கொண்டுவந்து காட்டியவரை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடமாவது "இது யார் மண்ணு?" என்று கேட்பேன். மனையின் நடுவில் நின்று ஆயத்தொலைவுகளை (ஜி.பி.எஸ். எண்களை) பதிந்து, இடமும் தேதியும் பொறித்த படம் எடுப்பேன்.

நம் மாவட்டத்தில், அதிலும் மேற்குப் பகுதியில், வீடுகள் தெருவாக வரிசையில் இருப்பதில்லை. அவரவர் விளைக்குள் தனித்தனியாக இருக்கும். அதனால் வழிதான் விலை. வழி எத்தனை அடி, யார் பெயரில், பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, வாய்ப்பேச்சு வழியா, கார் திரும்புமா, ஆட்டோ நுழையுமா? நான் டேப்பை முதலில் பிடிப்பது மனையில் இல்லை, வழியின் மிகக் குறுகிய இடத்தில். ஒரு மதில் திரும்பும் முனையில் வழி ஆறடியாகச் சுருங்கினால், உள்ளே இருபதடி இருந்தாலும் அது ஆறடி வழிதான்.

தண்ணீரும் பாருங்கள். பழைய வயலை நிரப்பிய மனையா? அனுமதியோடு மாற்றினார்களா? மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும்? சுவரில் ஈரக்கோடு இருந்தால் அதன் உயரத்தை அளந்து எழுதுங்கள். ரப்பர் விளை என்றால் மரத்தின் வயதைக் கேளுங்கள். பால் வெட்டத் தொடங்க ஏழு வருடத்தை ஒட்டி ஆகும், வெட்டி ஓய்ந்த மரத்துக்குத் தடி விலை மட்டுமே. மர எண்ணிக்கையைப் பழைய அறிக்கையிலிருந்து எடுக்கக் கூடாது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்த பிறகு, முந்தைய நாள் வரை இருந்த மர எண்ணிக்கை எதற்கும் உதவவில்லை.

கணக்கு

உலக அளவில் ஏற்றுக்கொண்ட முறைகள் மூன்று: சந்தையில் விற்ற விலையை ஒப்பிடுவது, வருமானத்திலிருந்து மதிப்பைப் பிடிப்பது, கட்டும் செலவிலிருந்து தேய்மானம் கழிப்பது. நாகர்கோவில் வடசேரிக் கடை வரிசைக்கு வாடகை முறை பொருந்தும். தனி வீட்டுக்கு மண்ணை ஒப்பீட்டிலும் கட்டடத்தைச் செலவு முறையிலும் பிடித்துக் கூட்டுகிறோம்.

ஓர் உதாரணம், எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக. 8 சென்ட் மண், 8 அடி வழி, 1,400 சதுர அடி கான்கிரீட் வீடு, வயது 20. ஒப்பிட மூன்று விற்பனைகள் கிடைக்கின்றன. முதலாவது தார்ச்சாலை மேல், சென்ட் 6 லட்சம். நம்முடையது வழிக்குள் இருப்பதால் 20 சதவீதம் குறைத்தால் 4.8 லட்சம். இரண்டாவது அதே வழியில், ஆனால் மூன்று வருடம் முந்தையது, 4 லட்சம். காலத்துக்காக 15 சதவீதம் கூட்டினால் 4.6. மூன்றாவது 4 சென்ட் சிறு மனை, 5 லட்சம்; சிறு மனைக்குச் சென்ட் விலை கூடுதலாகப் போகும் என்பதால் 5 சதவீதம் குறைத்தால் 4.75. மூன்றும் அருகருகே வந்து நிற்கின்றன, 4.7 லட்சம் எடுக்கலாம். மண் 37.6 லட்சம்.

வீடு இன்று கட்டினால் சதுர அடி 2,000 என்று வைத்தால் 28 லட்சம். ஆயுள் 60 வருடம், கடைசியில் 10 சதவீதம் மிஞ்சும் என்றால், 20 வருடத் தேய்மானம் 8.4 லட்சம். மீதி 19.6 லட்சம். மொத்தம் 57.2 லட்சம்.

அந்த 20 சதவீதம், 15 சதவீதம் எல்லாம் எங்கிருந்து வந்தன என்பதில்தான் உங்கள் தொழில் இருக்கிறது. "என் அனுபவம்" என்று மட்டும் எழுதினால் போதாது. அதே ஊரில் சாலையோரமும் வழிக்குள்ளும் விற்ற இரண்டு மனைகளின் வித்தியாசத்தைக் காட்ட வேண்டும். அதற்கு ஊர்வாரியாக விற்பனைக் குறிப்பேடு வேண்டும். பத்திரத்தில் எழுதிய விலை பல நேரம் அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருக்கும். கைமாறிய விலை வேறாக இருக்கும். வழிகாட்டி மதிப்போ அரசு முடிவில் ஒரே நாளில் மாறக்கூடியது. 2017 ஜூன் 9-இல் அது 33 சதவீதம் குறைக்கப்பட்டபோது எந்த ஊரிலும் மண்ணின் விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடவில்லை. ஆகவே பத்திரம், தரகர் சொல், வாங்கியவர் சொல் மூன்றையும் தனித்தனியாகக் குறித்து, எதை எவ்வளவு நம்பினீர்கள் என்று எழுதுங்கள்.

அறிக்கை

2017 விதிகளே அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. சொத்தின் விவரம், யாருக்காக, எந்த நோக்கத்துக்கு, மதிப்பிட்ட தேதி, பார்வையிட்ட விவரம், தகவல் கிடைத்த இடம், பின்பற்றிய முறை, உங்களுக்கு அதில் சொந்த அக்கறை உண்டா இல்லையா, வரம்புகள், முடிவு. வங்கி அறிக்கையில் சந்தை மதிப்போடு, விற்றால் கைக்கு வரக்கூடிய மதிப்பும் அவசரத்தில் விற்றால் கிடைக்கும் மதிப்பும் கேட்பார்கள்.

'மதிப்பிட்ட தேதி' என்ற ஒரு வரியைச் சிறியதாக நினைக்காதீர்கள். உங்கள் மதிப்பு அந்த ஒரு நாளுக்கானது. ஆறு மாதம் கழித்து யாராவது அந்த அறிக்கையை வேறு வங்கியில் நீட்டினால் உங்களைக் காப்பது அந்தத் தேதியும், எந்த நோக்கத்துக்கு எழுதினோம் என்ற வாசகமும்தான்.

ஒவ்வொரு வேலையின் ஆவணங்களையும் குறைந்தது 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நான் அதற்கு மேலும் வைத்திருக்கிறேன். களத்தில் கையால் வரைந்த படம், அழுக்குப் பட்ட தாள் எதையும் எறிவதில்லை.

பணமும் நெருக்கடியும்

வங்கி வேலைக்குக் கட்டணத்தை வங்கியே நிர்ணயிக்கிறது. சிறு வீட்டுக்கடன் அறிக்கைக்குக் கிடைக்கும் தொகையில் ஆறுகாணி மலையோரம் வரை போய்வரும் பெட்ரோலும் ஒரு நாள் உழைப்பும் கழிந்தால் மிஞ்சுவது குறைவு. முதல் இரண்டு வருடம் வரைபட வேலை, எஸ்டிமேட் வேலை என்று கைவேலை ஒன்றை விடாமல் வைத்திருங்கள். வருமான வரி, நீதிமன்றம், திவால் வழக்கு என்று வேலை விரியும்போது நிலைமை சீராகும். திவால் வழக்கில் இரண்டு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியாக மதிப்பிடுவார்கள். இரண்டும் மிகவும் விலகி நின்றால் மூன்றாமவர் வருவார். பக்கத்தில் இன்னொருவர் அதே மண்ணை அளக்கிறார் என்று தெரிந்து எழுதும் அறிக்கை தனிக் கவனத்தோடுதான் வரும்.

நெருக்கடி எப்போதும் ஒரே திசையிலிருந்து வராது. கடன் வாங்குகிறவர் கூட்டச் சொல்வார், ஏலத்தில் வாங்க நினைப்பவர் குறைக்கச் சொல்வார், தரகர் நடுவில் நின்று இரண்டையும் சொல்வார். கடன் கிடைத்தால் இவ்வளவு என்று வெற்றிக்கட்டணம் வாங்குவது நடத்தை நெறிப்படி தடை. பரிசும் விருந்தும் அப்படியே. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருகிறார்கள், என்ன செய்ய என்று ஒரு பெண் கேட்டார். அவர் கையில் அந்தக் குடும்பத்தின் வேலை பாக்கி இருந்தது. அறிக்கை போகும்வரை வாங்க வேண்டாம் அம்மா என்றேன். அவர் அப்படியே சொல்லி அனுப்பினார், அந்த வீட்டாரும் தவறாக நினைக்கவில்லை.

பதிவு வருவதற்கு முன் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரையும் சுற்றியுள்ள நான்கு ஊர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பக்க நோட்டு ஒன்று. எங்கே மண் விற்றாலும் தேதி, சர்வே எண், சென்ட், வழியின் அகலம், பத்திர விலை, பேசிக்கொள்ளும் விலை, யார் சொன்னார் என்று ஒரு வரி. வாரத்துக்கு இரண்டு வரி கிடைத்தாலும் ஒரு வருடத்தில் நூறு வரி சேரும். முதல் அறிக்கைக்கு உட்காரும் நாளில் அந்த நோட்டை மேசைமேல் எடுத்து வையுங்கள்.